கெர்னல் ஹெடரை இரண்டாகப் பிரித்தபோது

டிரைவர், அதாவது ஒரு சாதனத்தைக் கெர்னலோடு (இயங்குதளத்தின் மையப் பகுதியோடு) இணைக்கும் நிரல், சரியாக ஏறியிருந்தது. சாதனக் கோப்பு இருந்தது, திறக்கவும் முடிந்தது. ஆனால் அளவீட்டைக் கேட்டவுடன் பிழை எண் 25 வந்தது: இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாத ஐஆக்டில் (நிரல் சாதனத்துக்கு அனுப்பும் கட்டளை) என்று. அதுவரை ஒழுங்காக ஓடிய நிரல் அது. அதில் ஒரு வரிகூட மாறவில்லை. மாறியது கெர்னல் மட்டும்தான். அதே ஏஆர்எம் பலகையில் 32-பிட் லினக்ஸ் கெர்னலை எடுத்துவிட்டு 64-பிட் கெர்னலைப் போட்டிருந்தார்கள். நூலகங்கள், நிரல்கள் உள்ளிட்ட பயனர்வெளி முழுவதும் பழைய 32-பிட்டாகவே இருந்தது. இப்படிக் கலந்து ஓட்டுவது முற்றிலும் முறையான ஏற்பாடு. 64-பிட் ஏஆர்எம் கெர்னல் அதற்கென்றே ஒரு தனி வாசலை வைத்திருக்கிறது.

டிரைவர் என் கைக்கு வந்தது வேறொருவரிடமிருந்து. அனலாக் சமிக்ஞைகளை எண்களாக மாற்றும் ஒரு பலகைக்கானது. கெர்னலின் மூலக் குறிமுறை மரத்துக்கு வெளியே தனி மாட்யூலாக வளர்ந்த ஒன்று. டிரைவருக்கும் அதைப் பயன்படுத்தும் நிரலுக்கும் சேர்த்து ஒரே ஹெடர் கோப்பு (இரு பக்கமும் பகிரும் வரையறைகள் உள்ள கோப்பு). சிக்கல் முழுவதும் அந்தக் கோப்பில்தான் இருந்தது. கடைசியில் டிரைவரின் உள்ளுறுப்புகளில் நான் தொட்டது மிகக் குறைவு. வேலை எல்லாம் ஹெடரில்தான்.

முதலில், நிரல் கெர்னலுக்கு விடும் அழைப்புகளை அச்சிடும் ஸ்ட்ரேஸ் கருவியை ஓட்டிப் பார்த்தேன். ஐஆக்டில் அழைப்பை அது பிரித்தே காட்டுகிறது: திசை படிக்க-எழுத, எழுத்து 41, வரிசை எண் 1, அளவு சி. பதினறும எண்ணில் சி என்றால் 12. ஐஆக்டில் கட்டளை என்பது வெறும் பெயர் அன்று, 32 பிட் எண். அதில் 2 பிட் திசைக்கு, 14 பிட் அனுப்பும் ஸ்ட்ரக்டின் (பல உறுப்புகளைச் சேர்த்துக் கட்டிய தரவின்) அளவுக்கு, 8 பிட் டிரைவரின் எழுத்துக்கு, 8 பிட் வரிசை எண்ணுக்கு. ஸ்ட்ரக்டின் அளவு கட்டளை எண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது என்பதுதான் இங்கே முக்கியம். நிரல் அனுப்பிய எண் சி00சி4101. டிரைவர் எதிர்பார்த்த எண்ணை அச்சிட்டுப் பார்த்தால் சி0184101. நடுவில் உள்ள 18 என்பது 24 பைட். ஒரே ஹெடர், ஒரே ஸ்ட்ரக்ட், ஒரு பக்கம் 12 பைட், மறுபக்கம் 24 பைட்.

ஸ்ட்ரக்டைத் திறந்தால் காரணம் உடனே தெரிந்துவிடும். சேனல் எண் இன்ட், எத்தனை மாதிரிகள் என்பது அன்சைன்ட் லாங், தரவை எங்கே எழுத வேண்டும் என்பது ஒரு பாயிண்டர் (நினைவக முகவரி). 32-பிட்டில் மூன்றும் தலா 4 பைட், ஆக 12. 64-பிட்டில் லாங்கும் பாயிண்டரும் தலா 8 ஆகிவிடுகின்றன. லாங் 8-இன் மடங்கில் தொடங்க வேண்டும் என்பதால் இன்டுக்குப் பின்னால் 4 பைட் வெற்றிடத்தைக் கம்பைலர் தானாகச் செருகுகிறது. 4, 4, 8, 8: ஆக 24.

இதற்கு எல்லோரும் முதலில் சொல்லும் மருந்து, டிரைவரின் செயல் அட்டவணையில் கம்பாட்_ஐஆக்டில் என்ற இடத்தை நிரப்புவது. அந்த இடம் காலியாக இருந்தால் 32-பிட் நிரலின் அழைப்பு டிரைவரை எட்டுவதற்கு முன்பே கெர்னல் 25-ஐத் திருப்பிக் கொடுத்துவிடும் என்பது உண்மை. 5.5 பதிப்பிலிருந்து கம்பாட்_பிடிஆர்_ஐஆக்டில் என்று ஆயத்தமான செயற்கூறும் இருக்கிறது. ஒரே வரியில் வேலை முடிந்துவிடும். ஆனால் அது செய்வதெல்லாம் அழைப்பை 64-பிட் செயற்கூறிடமே தள்ளிவிடுவதுதான். அங்கே போனாலும் எண் பொருந்தாது, மறுபடியும் 25. ஸ்ட்ரக்டின் அளவு இரு பக்கமும் ஒன்றாக இருக்கும்போது மட்டுமே அந்த ஒரு வரி மருந்து பலிக்கும். ஆகவே ஹெடரைச் சரிசெய்யாமல் வேறு வழியில்லை.

கெர்னல் தன் சொந்த ஹெடர்களை எப்படி ஒழுங்குபடுத்தியது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. முன்பெல்லாம் உள்வேலைக்கானதும் வெளியாருக்கானதும் ஒரே கோப்பில் கலந்து கிடக்கும். உள்ளே மட்டும் இருக்க வேண்டியவற்றைச் சுற்றி __கெர்னல்__ என்ற மேக்ரோவால் (கம்பைலுக்கு முன் விரிக்கப்படும் பெயரால்) வேலி போடுவார்கள்; பலர் போடவும் மறப்பார்கள். அந்தக் குவியலிலிருந்து பயனர்வெளிக்கு வேண்டியதைப் பிரித்தெடுப்பதற்கென்றே மாரியுஷ் மஸூர் லினக்ஸ்-லிப்சி-ஹெடர்ஸ் என்ற தனித் திட்டத்தை நடத்தினார். 2006-இல் 2.6.18 பதிப்பில் டேவிட் வுட்ஹவுஸ் எழுதிய ஹெடர்ஸ்_இன்ஸ்டால் வந்த பிறகு, வெளியே போக வேண்டிய ஹெடர்களைக் கெர்னலே சுத்தம் செய்து கொடுக்கத் தொடங்கியது. 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பில் டேவிட் ஹவல்ஸ் இன்னும் ஒரு படி போனார். வெளியாருக்கானவை அனைத்தையும் யூஎபிஐ என்ற தனி அடைவுக்கு நகர்த்தினார். அன்றிலிருந்து ஒரு வரி எந்தப் பக்கத்தைச் சேர்ந்தது என்பதை அது இருக்கும் கோப்பின் இடமே சொல்லிவிடுகிறது. யூஎபிஐ வீட்டின் திண்ணை; வருகிறவர்கள் உட்காரலாம், ஆனால் உள்ளறைச் சாமான்களை அங்கே பரப்பி வைக்கக் கூடாது.

நம்முடைய ஹெடரில் திண்ணை எது, உள்ளறை எது என்றே சொல்ல முடியவில்லை. மேலே கெர்னலின் உள்வேலைக் கருவிகளான லிஸ்ட், ஸ்பின்லாக், காத்திருப்பு வரிசை ஆகியவற்றுக்கான இன்க்ளூட் (வேறு ஹெடரைச் சேர்க்கும்) வரிகள், வேலிக்குள். அதற்குக் கீழே சாதனத்தின் ரெஜிஸ்டர் முகவரிகள், வேலி இல்லாமல். பிறகு ஐஆக்டில் ஸ்ட்ரக்டுகள், அவற்றுக்கு நடுவே மறுபடி வேலி. நிரல் எழுதியவர் இதைத் தன் களஞ்சியத்தில் நகலெடுத்து, கம்பைல் ஆகாத வரிகளை நீக்கி வைத்திருந்தார். சோதனைக் கருவியில் மூன்றாவது நகல் ஒன்று. மூன்றையும் அருகருகே வைத்து ஒப்பிட்டால் மூன்றும் வெவ்வேறு. நகலெடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்படியே பயன்படுத்த முடியாத கோப்பை யாரும் நகலெடுத்து வெட்டத்தான் செய்வார்கள்.

பிரிக்கும்போது வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: பயனர்வெளியிலிருந்து யாராவது உண்மையிலேயே பயன்படுத்துகிறார்கள் என்று காட்டினால் மட்டுமே ஒரு வரி யூஎபிஐ பக்கம் போகும். சந்தேகம் இருந்தால் உள்ளேயே இருக்கட்டும். உள்ளே இருப்பதைப் பின்னால் வெளியே கொண்டுவருவது எளிது. வெளியே விட்டதைத் திரும்ப இழுப்பது முடியவே முடியாது, ஏனென்றால் எந்த மூலையில் எந்த நிரல் அதை நம்பி ஓடிக்கொண்டிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ரெஜிஸ்டர் முகவரிகள் இந்த விதியால் முழுவதுமாக உள்ளே போயின. வெளியே நின்றவை இரண்டு ஸ்ட்ரக்டுகள், சில கட்டளைகள், ஒரு கைப்பிடி மாறிலிகள்.

கோப்பு அமைப்பைக் கெர்னலின் வழக்கப்படியே வைத்தேன். உள் ஹெடரும் வெளி ஹெடரும் ஒரே பெயர். வெளியே உள்ளது யூஎபிஐ அடைவுக்குள். உள் ஹெடரின் முதல் வேலை வெளி ஹெடரை இன்க்ளூட் செய்வது. டிரைவர் கோப்புகள் வழக்கம்போல் உள் ஹெடரையே கேட்கும், இரண்டும் சேர்ந்து கிடைக்கும். எதிர்த் திசையில் ஒரு வரிகூடப் போகக் கூடாது. வெளி ஹெடர் கேட்பது லினக்ஸ்/டைப்ஸ், லினக்ஸ்/ஐஆக்டில் என்ற இரண்டை மட்டுமே.

பிறகு ஸ்ட்ரக்டை அமைக்கும் வேலை. லாங், பாயிண்டர், பூல், ஈனம், பிட்ஃபீல்டு எதுவும் கிடையாது. __யூ32, __யூ64 போன்ற அளவு உறுதியான வகைகள் மட்டும். ஸ்டாண்டர்டு சி-யின் யூஇன்ட்32_டி போதாதா என்று கேட்பார்கள். அந்தப் பெயரைத் தருவது சி நூலகம். கெர்னல் ஹெடர் எந்த சி நூலகத்தையும் நம்பாமல் தன் காலில் நிற்க வேண்டும். அதனால்தான் இரட்டைக் கீழ்க்கோட்டுப் பெயர்கள். பாயிண்டர் __யூ64 ஆகப் போகிறது. நிரல் தன் பாயிண்டரை 64 பிட்டுக்கு விரித்துப் போடும், டிரைவர் யூ64_டு_யூசர்_பிடிஆர் மேக்ரோவால் திரும்பப் பெறும். புதிய வடிவம் இதுதான்: சேனல் 4 பைட், கொடிகள் (விருப்பங்களைக் குறிக்கும் பிட்டுகள்) 4, எண்ணிக்கை 4, ஒதுக்கீடு (பின்னால் பயன்படுத்த விட்டுவைத்த இடம்) 4, முகவரி 8. மொத்தம் 24.

8 பைட் உறுப்பு தானாகவே 8-இன் மடங்கில் வந்து விழும்படி வரிசைப்படுத்தியதற்குக் காரணம் உண்டு. 32-பிட் ஏஆர்எம் 64-பிட் எண்ணை 8-இன் மடங்கில் வைக்கிறது. 32-பிட் இன்டெல்லில் ஸ்ட்ரக்டுக்குள் 4-இன் மடங்கே போதும். ஒரு __யூ32-க்குப் பின்னால் நேராக __யூ64 வந்தால் முதலாவதில் 16 பைட், இரண்டாவதில் 12. எங்கள் பலகை ஏஆர்எம்தான் என்றாலும், அளவு எங்கும் ஒன்றாக இருக்கும்போது அதை யாரும் யோசிக்கவே வேண்டியதில்லை. பேக்டு என்ற குறிப்பைப் போட்டு வெற்றிடத்தை நசுக்கும் வழியை நான் விரும்பவில்லை. அப்படி நசுக்கிய ஸ்ட்ரக்டின் உறுப்புகள் ஒழுங்கான எல்லையில் இருக்கும் என்று கம்பைலரால் நம்ப முடியாது. சில செயலிகளில் பைட் பைட்டாகப் படிக்கும் குறிமுறையை உருவாக்கிவிடும். வெற்றிடம் வேண்டும் என்றால் அதற்கு ஒரு பெயர் கொடுத்து நாமே வைப்பது மேல்.

இங்கேதான் ஒரு ஆசை வந்தது. புதிய ஸ்ட்ரக்ட் 24 பைட். பழைய 64-பிட் வடிவமும் 24 பைட். வரிசை எண்ணை 1 என்றே விட்டால் கட்டளை எண் மாறவே மாறாது. இன்னும் பார்த்தால் உறுப்புகளும் பொருந்துகின்றன. சேனல் 0-இல், முகவரி 16-இல். பழைய 8 பைட் எண்ணிக்கையின் கீழ்ப்பாதி புதிய எண்ணிக்கையின் மேல் அப்படியே உட்காருகிறது, மேல்பாதி பூஜ்யம், அது ஒதுக்கீட்டின் மேல் விழுகிறது. 64-பிட்டில் கம்பைல் செய்த சோதனைக் கருவி மாற்றமின்றி ஓடிவிடும் போலத் தோன்றியது. தடுத்தது 4-ஆவது பைட். பழைய ஸ்ட்ரக்டில் அது கம்பைலர் செருகிய வெற்றிடம். யாரும் அதை நிரப்புவதில்லை, ஸ்டாக்கில் (தற்காலிக நினைவகத்தில்) முன்பு கிடந்த குப்பை எதுவோ அதுதான் இருக்கும். புதிய ஸ்ட்ரக்டில் அதே இடம் கொடிகள். தெரியாத கொடி வந்தால் டிரைவர் மறுக்க வேண்டும் என்பது விதி. ஆக, பழைய கருவி சில நாள் ஓடும், சில நாள் மறுக்கப்படும், கம்பைலரை மாற்றினால் வேறு விதமாக நடக்கும். இந்த வகைப் பிழையைத் தேடுவதைப் போல ஆயுளைக் குறைக்கும் வேலை வேறில்லை. புதிய கட்டளைக்கு வரிசை எண் 2.

தெரியாத கொடியையும் பூஜ்யமில்லாத ஒதுக்கீட்டையும் மறுப்பது கெடுபிடி என்று நிரல் எழுதுகிறவர்கள் நினைக்கலாம். மறுக்காவிட்டால் அந்த இடங்களைப் பின்னால் எதற்கும் பயன்படுத்த முடியாது. ஏற்கெனவே ஓடும் நிரல்கள் அங்கே குப்பையை அனுப்பிக்கொண்டிருக்கும். முதல் நாளிலிருந்தே மறுத்தால்தான் அந்த இடம் உண்மையான ஒதுக்கீடு.

இரண்டாவது ஸ்ட்ரக்ட் நிலையறிக்கை. அதில் மாதிரியின் வரிசை எண்ணும், அதை எடுத்த நேரம் டைம்வால் என்ற ஸ்ட்ரக்டாகவும் இருந்தன. அதற்காக ஹெடர் லினக்ஸ்/டைம் கோப்பை இன்க்ளூட் செய்தது. நிரல் சி நூலகத்தின் சிஸ்/டைம் கோப்பையும் கேட்டால் ஒரே ஸ்ட்ரக்டுக்கு இரண்டு வரையறை என்று கம்பைலர் நின்றுவிடும். கெர்னலுக்கும் சி நூலகத்துக்கும் இடையே பழைய தகராறு இது. பிணைய ஹெடர்களில் ஐபிவி6 முகவரி ஸ்ட்ரக்டு இதே மாதிரி மோதியதால்தான் 3.12 பதிப்பில் லிப்சி-கம்பாட் என்ற சமரசக் கோப்பு வந்தது. அதுவும் ஜிலிப்சி (லினக்ஸில் பரவலான சி நூலகம்) ஹெடரை முதலில், கெர்னல் ஹெடரை அடுத்து என்ற வரிசையில்தான் தொடக்கத்தில் உதவியது. மோதலுக்குச் சமரசம் தேடுவதைவிட மோதாமல் விலகுவது நல்லது. டைம்வாலை எடுத்துவிட்டு __எஸ்64-இல் நானோ விநாடிகள் என்று வைத்தேன். இன்க்ளூட் வரி போயிற்று. 32-பிட் நேரம் 2038 ஜனவரி 19-இல் நிரம்பிவிடும் பிரச்சினையும் கூடவே போயிற்று. ஜிலிப்சி 2.34 முதல் 32-பிட் நிரலும் விரும்பினால் 64-பிட் நேரத்தோடு கம்பைல் ஆகலாம்; அதாவது ஒரே 32-பிட் இயந்திரத்திலேயே டைம்வால் இரு அளவில் இருக்கக்கூடும். கட்டளை எண்ணுக்குள் அளவு உட்கார்ந்திருக்கிற இடத்தில் அப்படிப்பட்ட உறுப்பை வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?

பழைய நிலையறிக்கையைப் பாஹோல் கருவியில் போட்டுப் பார்த்தேன். ஸ்ட்ரக்டின் ஒவ்வொரு உறுப்பும் எந்த இடத்தில் தொடங்குகிறது, எத்தனை பைட் என்று அது அச்சிடும். ஓட்டை இருந்தால் தனி வரியில் சொல்லும். வரிசை எண்ணுக்குப் பின்னால் 4 பைட் ஓட்டை என்றது. கெர்னலிலிருந்து வெளியே போகும் ஸ்ட்ரக்டில் ஓட்டை என்றால், கெர்னல் ஸ்டாக்கின் 4 பைட் ஒவ்வொரு அழைப்பிலும் பயனர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது என்று பொருள். டிரைவர் அந்த ஸ்ட்ரக்டை முன்கூட்டியே பூஜ்யமாக்கவில்லை. இது வெறும் ஒழுங்குப் பிரச்சினை அன்று, பாதுகாப்பு ஓட்டை. புதியதில் அந்த இடத்துக்கு "தவறவிட்ட மாதிரிகள்" என்று ஒரு வேலையே கிடைத்தது.

சுத்தம் செய்ததைச் சோதிக்கக் கெர்னலின் சொந்த ஸ்கிரிப்டையே பயன்படுத்தினேன். ஹெடர்ஸ்_இன்ஸ்டால்.எஸ்எச் என்ற அந்தச் சிறிய கோப்பு உள்ளே அன்இஃப்டெஃப் கருவியை ஓட்டி __கெர்னல்__ வேலிக்குள் உள்ளவற்றை வெட்டுகிறது, கெர்னலுக்கு மட்டுமே பொருள்படும் __யூசர் போன்ற குறிகளை நீக்குகிறது, ஒரே ஹெடர் இருமுறை சேராமல் தடுக்கும் காவல் மேக்ரோவின் பெயரிலிருந்து யூஎபிஐ என்ற முன்னொட்டைக் கழற்றுகிறது. உள்ளீட்டுக் கோப்பு, வெளியீட்டுக் கோப்பு என்று இரண்டைக் கொடுத்தால் போதும். ஆனால் கெர்னல் மூல மரத்தின் வேரிலிருந்து ஓட்ட வேண்டும், முன்பே அன்இஃப்டெஃப் கம்பைல் ஆகியிருக்க வேண்டும். ஓட்டியதும் ஒரு கான்ஃபிக்_ பெயர் பயனர்வெளிக்குக் கசிகிறது என்று பிழை சொல்லி நின்றது. நிலையறிக்கையின் வாலில் ஒரு பிழைதேடல் உறுப்பு, கெர்னல் கட்டமைப்பில் ஒரு விருப்பத்தைத் தேர்ந்தால் மட்டும் சேரும்படி எழுதப்பட்டு, அங்கேயே தங்கியிருந்தது. பயனர்வெளிக்கு அந்த மேக்ரோ தெரியவே தெரியாது. கெர்னல் கட்டியவரின் விருப்பத்தைப் பொறுத்து ஸ்ட்ரக்டின் அளவு மாறும். நிரலுக்கு அது தெரியவராது. உறுப்பை நீக்கி, அந்தத் தகவலை டீபக்எஃப்எஸ் (கெர்னலின் பிழைதேடல் கோப்பு முறைமை) கோப்பு ஒன்றில் காட்டினேன்.

அடுத்து, ஹெடர் தனியாக நிற்கிறதா என்ற சோதனை. வேறு எதையும் இன்க்ளூட் செய்யாத ஒரு கோப்பில் இதை மட்டும் கேட்டு, சி90 தரத்தில், எச்சரிக்கைகளைப் பிழையாக்கிக் கம்பைல் செய்வது. கெர்னலின் சொந்தச் சோதனையும் இதே முறைதான். இரட்டைச் சாய்கோட்டுக் குறிப்புரைகள் உடனே மாட்டின. உரிம வரியை ஹெடர்களில் நட்சத்திரக் குறிப்புரையாக எழுதச் சொல்வது ஏன் என்று இப்போது புரியும்.

இந்தச் சோதனையில் தப்பிவிடும் ஒரு வகை உண்டு. கொடிகளைப் பிட் என்ற மேக்ரோவால் வரையறுத்திருந்தார்கள். அந்த மேக்ரோ கெர்னலுக்குள் மட்டுமே உண்டு. ஆனால் ஒரு மேக்ரோ பயன்படுத்தப்படும்வரை கம்பைலர் அதை விரிப்பதில்லை. எனவே ஹெடரை மட்டும் கம்பைல் செய்தால் குற்றம் தெரியாது. நிரல் அந்தக் கொடியைத் தொடும் நாளில்தான் உடையும். அதனால் ஒவ்வொரு மாறிலியையும் கட்டளையையும் ஒருமுறையாவது பயன்படுத்தும் ஒரு கோப்பை எழுதி, ஸ்ட்ரக்டுகளின் அளவையும் உறுப்புகளின் இடத்தையும் ஸ்டாடிக் அசர்ட்டில் (கம்பைல் நேரச் சரிபார்ப்பில்) கட்டிவைத்தேன். பிட் மேக்ரோ போய் நேரடி இடப்பெயர்ச்சி வந்தது. அதே கோப்பு 32-பிட் ஏஆர்எம், 64-பிட் ஏஆர்எம், 32-பிட் இன்டெல் கம்பைலர்களிலும், ஜிலிப்சி போக மஸ்ல் என்ற சி நூலகத்திலும், சி++ கம்பைலரிலும் ஓடுகிறது. சி++ எதற்கு என்றால், திரையில் வரைபடம் காட்டும் பகுதி அதில்தான் எழுதப்பட்டிருக்கிறது. உறுப்புக்கு சி++ தனக்கென ஒதுக்கிய சொற்களான கிளாஸ் என்றோ நியூ என்றோ பெயர் வைத்தால் அங்கே முடிந்தது கதை. கெர்னலிலேயே கீசிடிஎல் ஹெடரில் பிரைவேட் என்ற உறுப்புப் பெயர் சி++ நிரல்களை முறித்தது. பழைய சி நிரல்கள் அந்தப் பெயரையே நம்பியிருந்ததால் அதை எடுக்கவும் முடியாமல், கடைசியில் ஒரு பெயரில்லா யூனியனுக்குள் இரண்டு பெயர்களையும் வைத்தார்கள்.

பழைய 32-பிட் நிரலை எல்லாப் பலகைகளிலும் உடனே மாற்ற முடியாது. அதற்காகக் கம்பாட்_ஐஆக்டில் வழியில் பழைய 12 பைட் வடிவத்தையும் வைத்திருக்கிறேன்: கம்பாட்_யூலாங்_டி, கம்பாட்_யூபிடிஆர்_டி என்ற வகைகளால் எழுதிய ஒரு ஸ்ட்ரக்ட், டிரைவரின் சி கோப்புக்குள்ளேயே. அது ஹெடரில் இல்லை, இருக்கவும் கூடாது. பழைய எண் வந்தால் உறுப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றி அதே உள் செயற்கூறிடம் கொடுத்துவிடுகிறது. நிலையறிக்கைக்கும் அப்படியே. 64-பிட் சோதனைக் கருவிக்கு இந்தச் சலுகை இல்லை. அதன் மூலக் குறிமுறை கையில் இருக்கிறது, மறுபடி கம்பைல் செய்தாயிற்று.

நிறுவும் இடம் பற்றி. சுத்தம் செய்த ஹெடரை யூஎஸ்ஆர்/இன்க்ளூட்/லினக்ஸ் அடைவுக்குள் நான் போடவில்லை. அந்த அடைவு டெபியன் லினக்ஸ் வெளியீட்டில் லினக்ஸ்-லிப்சி-டெவ் பொதிக்குச் சொந்தம். மாட்யூல் கட்டப் பயன்படும் லினக்ஸ்-ஹெடர்ஸ் பொதி வேறு. பெயர் ஒற்றுமையால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். ஓடும் கெர்னலின் ஹெடர்களை அங்கே நகலெடுக்கச் சொல்லும் யோசனை இன்னும் உலவுகிறது. சி நூலகம் எந்த ஹெடர்களை வைத்துக் கட்டப்பட்டதோ அவையே அங்கே இருக்க வேண்டும் என்று 2000-ஆம் ஆண்டிலேயே லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிவிட்டார். எங்கள் ஹெடருக்கு யூஎஸ்ஆர்/இன்க்ளூட்டின் கீழ் தனி அடைவு, தனிப் பொதி. நிரலும் சோதனைக் கருவியும் அந்தப் பொதியைச் சார்ந்திருக்கின்றன. களஞ்சியங்களில் கிடந்த நகல்கள் நீக்கப்பட்டன.

உரிம வரியையும் மாற்ற வேண்டியிருந்தது. முன்பு வெறும் ஜிபிஎல் 2.0 (கெர்னலின் திறமூல உரிமம்). கெர்னலின் யூஎபிஐ கோப்புகளில் அதனுடன் லினக்ஸ்-சிஸ்கால்-நோட் என்ற விலக்கும் சேரும். அழைப்பு இடைமுகத்தின் வழியாகக் கெர்னலைப் பயன்படுத்தும் நிரல் அதனால் மட்டுமே ஜிபிஎல்-க்குக் கட்டுப்பட்டதாகிவிடாது என்பதைத் தெளிவாக்கும் குறிப்பு அது. டிரைவரை எழுதியவர்களின் எழுத்துப்பூர்வச் சம்மதத்தைப் பெற்ற பிறகே அந்த வரியைச் சேர்த்தேன். வெளி ஹெடருக்கு மட்டும். உள் ஹெடர் பழைய உரிமத்திலேயே இருக்கிறது.